மூடிக்குள் மூன்று கோடுகள்

துப்பாக்கிப் பெட்டிக்கு உள்துணி போடுவதில் செங்கல்பட்டு மாவட்டத்தில் எனக்குப் போட்டியே கிடையாது. வேறு யாரும் அந்த வேலையைச் செய்வதில்லை என்பதும் ஒரு காரணம். புதுப்பட்டினத்தில் சோபா, கார் சீட் தைக்கும் கடை எனக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டிகள் எப்போதாவது வரும். வஜ்ரப் பசையைக் காய்ச்சி மரத்தில்தான் தடவ வேண்டும். துணியில் தடவினால் ஊறி மேலே கறை காட்டும். இது தெரியாமல் பெட்டியைப் பாழாக்கியவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அன்று வந்தவர் திருக்கழுக்குன்றம் பக்கத்து லாரி முதலாளி. அப்பா இறந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்களாம். மிஞ்சியது பெட்டி மட்டும். உள்ளே சிவப்புக் கம்பளித் துணியைப் பூச்சி அரித்திருந்தது.

"எல்லாம் புச்சா போட்டுடு பாய். வூட்ல கண்ணாடி அலமாரில வைக்கணும்."

போட்டேன். மூடியின் உட்புறத் துணியில் பழுப்பாக மூன்று கோடுகள் படிந்திருந்தன. எவனோ பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாம்பார் சாதம் தின்றிருக்கிறான் என்று திட்டிக்கொண்டேதான் அதை உரித்தேன்.

பத்து நாள் கழித்து வந்தவர் மற்ற இடங்களைப் பார்க்கவே இல்லை. மூடியைத் தடவினார்.

"பட்டை எங்க பாய்?"

"எந்தப் பட்டை?"

"ஆயுத பூஜைக்கு எங்க நைனா சந்தனத்துல போடுவாரே, அது. வருஷா வருஷம் அதே எடத்துல. அதுக்குத்தான பொட்டிய வச்சிகினு கீறோம்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கூடவே கோபமும். முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? ஆனால் அதைக் கறை என்று ஒருவன் நினைப்பான் என்பது அவருக்கு எப்படித் தோன்றும்? கேட்டிருக்க வேண்டியவன் நான்.

நல்லவேளை, பழைய துணியை நான் எறிவதில்லை. புதியதை வெட்ட அதுதான் அளவு.

"ஒக்காருங்க அண்ணாத்த" என்றேன்.

வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தினால் வஜ்ரம் பிடியை விட்டுவிடும். மூடியின் புதுத் துணியைக் கழற்றினேன். பழையதன் ஓட்டைகளுக்குப் பின்னால் சிவப்பு ஒட்டுக் கொடுத்து, கோடுகள் மேல் கை படாமல் திரும்ப ஒட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. வேறொருவன் கையில் அது பொடிப்பொடியாகப் போயிருக்கும்.

அவர் மெதுவாகத் தன் மூன்று விரல்களைக் கோடுகள் மேல் வைத்தார். விரல்கள் கோடுகளுக்கு வெளியே நின்றன. கண் கலங்க என்னைப் பார்த்தார்.

"எங்க நைனா கை இம்மாம் சின்னதா பாய்? கன்னத்துல அறை வாங்கசொல்ல பெருசா இருந்துதே!"