ஆறு வாரத்துக்குள் விற்க வேண்டிய வீடு

லோர்னா சக்டன் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். கொதிக்கிற அண்டாவுக்கும் தலைமை ஆசிரியருக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுவாள். அறுபத்தொன்பதாம் வயதில்தான் அவளைப் பயம் பிடித்தது. மாடிப்படி வழியாக வந்தது.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெரு மேட்டைப் பார்த்து ஏறுகிறது. வீடுகளும் குறுகி உயர்ந்தவை. குளியலறை மாடியில். படி செங்குத்து, நடுவில் ஒரு திருப்பம் வேறு. படியோரமாக ஓடும் நாற்காலி பொருத்த முடியுமா என்று பார்க்க வந்தவன், அந்தத் திருப்பத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

லோர்னாவின் கணவர் க்ளைவுக்குப் பார்க்கின்சன் நோய். டவுன் பஸ் ஓட்டியவர். இந்த நோயில் கால் திடீரென்று தரையோடு உறைந்துவிடும். மனம் போ என்கும், கால் கேட்காது, உடம்பு மட்டும் முன்னால் சாயும். சமதரையில் என்றால் பிடித்துக்கொள்ளலாம். படியின் உச்சியில் என்றால் எலும்புதான் உடையும்.

நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழிலாக இருந்தது. உறைந்த கால், குறுக்கே ஒரு கோட்டைக் கண்டால் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே சக்டன் வீட்டில் படிகளின் முனையிலும் ஒவ்வொரு நிலைவாசலிலும் மஞ்சள் டேப் ஒட்டிக் கொடுத்தேன். உதவியது. அப்படியும் இரண்டு முறை விழுந்தார். மூன்றாவதற்காக லோர்னா காத்திருந்தாள். அவர் மாடியில் இருமினால்கூடக் கையிலிருக்கும் தட்டைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய குடியிருப்பில், படியே இல்லாத வீடு ஒன்றைப் பார்த்து வந்தாள். கட்டிய கம்பெனி ஒரு திட்டமும் வைத்திருந்தது. உங்கள் பழைய வீட்டை விற்க நாங்களே உதவுகிறோம், தரகரை நாங்களே அமர்த்துவோம், அவர் கூலியும் எங்களுடையது, அதுவரை புது வீட்டை உங்களுக்காக ஒதுக்கி வைப்போம் என்றார்கள். கெடு ஆறு வாரம். அதற்குள் பழைய வீட்டுக்கு ஆள் வராவிட்டால் புது வீடு மறுபடி சந்தைக்குப் போகும். லோர்னா கையெழுத்துப் போட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருப்பேன்.

தரகன் பெயர் டோபி மெல்லர். மரியாதையான பையன்.

"வீடு பிரமாதம், மிசஸ் சக்டன். இந்த மஞ்சள் கோடுங்களை மட்டும் எடுத்துடலாமா? பார்க்க வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துடும்."

"அதைப் பார்த்துத்தான் அவர் நடக்கிறாரு, கண்ணு."

"புரியுதுங்க. ஆள் வர்ற நேரத்துக்கு மட்டும்தான். அப்புறம் ஒட்டிக்கலாம்."

அவள் தலையாட்டினாள். எங்கள் பக்கத்து மனிதர்கள் இப்படித்தான். தொண்டையில் மீன்முள் சிக்கினாலும் பக்கத்து மேசைக்காரர்களுக்குத் தொந்தரவாகிவிடும் என்று இருமாமல் இருப்பார்கள்.

அதன்பிறகு ஆள் வருவதாக டோபி போன் அடிக்கும்போதெல்லாம் லோர்னா மண்டியிட்டு ஒவ்வொரு படியாக டேப்பை உரிப்பாள். மாத்திரைப் பெட்டியை அலமாரிக்குள் தள்ளுவாள். க்ளைவ் பிடித்து நடக்கும் நடைச்சட்டத்தைக் கொல்லைக் கொட்டகையில் ஒளிப்பாள். க்ளைவைப் பக்கத்திலேயே இருந்த என் வீட்டில் உட்கார வைப்பாள். வந்தவர்கள் போனதும் மறுபடி மண்டியிட்டு ஒட்டுவாள். டேப்பில் பசை போய் ஓரம் தூக்கிக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் படியைப் பார்த்து "கொஞ்சம் செங்குத்தா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலாவது வாரம் டோபி குரலைத் தாழ்த்தினான். "சொல்லக் கூடாது, ஆனா உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்தப் புது வீட்டு மேல இன்னொரு ஜோடி கண்ணு வச்சிருக்காங்க. விலையைக் கொஞ்சம் இறக்கினா நல்லது." இறக்கினாள்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் க்ளைவைக் கூட்டிப்போக நான் வந்தபோதே டோபியும் வந்துவிட்டான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. கூட, வீடு பார்க்க ஓர் இளைஞன். லோர்னா டேப்பை எல்லாம் உரித்து முடித்திருந்தாள். க்ளைவ் மாடியில் குளியலறையில் இருந்தார். நாங்கள் நாலு பேரும் படியின் திருப்பம்வரை ஏறியிருந்தோம். கதவு திறந்தது. படியின் உச்சிக்கு வந்தார். நின்றார்.

குதிகால் மெல்ல மேலே எழும்பியது. கைப்பிடிக்கட்டையைப் பிடித்த விரல் வெளுத்தது. தலை முன்னால் வந்தது.

"பஸ் நின்னுபோச்சு," என்றார். நோயில் தேய்ந்த குரல், கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "எல்லாரும் இறங்கி நடங்கப்பா."

இளைஞன் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துவிட்டான். லோர்னா அவனைச் சுவரோடு தள்ளிவிட்டு மேலே ஓடினாள். க்ளைவ் சாய்ந்தபோது அவருக்கு ஒரு படி கீழே நின்று தோளைக் கொடுத்தாள். அவள் பாதம் பாதிதான் படியில் இருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் இரண்டு பேரும் எங்கள் தலைமேல் உருண்டிருப்பார்கள்.

"இறக்காதே! பின்னால தள்ளு! உட்கார வை!" என்று கத்தினேன். அவள் மூச்சு கீழேவரை கேட்டது. தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் முழங்கால் மடிந்து, மாடித் தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லையே?" என்று இளைஞன் அக்கறையாக விசாரித்தான். மறுநாள் அவனிடமிருந்து விலை வந்தது. இறக்கிய விலைக்கும் வெகு கீழே. அவசரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டவன் வேறெப்படிக் கேட்பான்?

"இதை விட்டா வேற வராது," என்றான் டோபி. "அடுத்த வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது. கம்பெனி ரொம்பக் கறார், மிசஸ் சக்டன்."

அவள் என் சமையலறைக்கு வந்து, ஊற்றிய தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கும் தொல்லை கொடுக்கக் கூடாதுன்னு டேப்பை உரிச்சேன். அவரையே கொன்னிருப்பேன். மேல்சட்டையை மாட்டிக்கோ, கம்பெனிக்குப் போறோம்."

"போய் என்ன சொல்லப் போற?"

"கெஞ்சப் போறேன். வேற என்ன?"

கம்பெனி விற்பனை அறையில் இருந்த பெண்ணிடம் லோர்னா பேச ஆரம்பித்தாள். "இன்னும் மூணு வாரம் தவணை கிடைக்குமா? பெரிய உதவியா இருக்கும்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "தாராளமா. நாலாவே போட்டுடட்டுமா?"

லோர்னாவுக்குப் புரியவில்லை. "அந்த இன்னொரு ஜோடி?"

"எந்த ஜோடிங்க?"

ஜன்னலுக்கு வெளியே அதே மாதிரி வீடுகள் வரிசையாக, திரைச்சீலை இல்லாமல் காலியாக நின்றன. லோர்னா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். காலி வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

வீட்டுக்கு வந்து டோபிக்குப் போன் போட்டாள். "அந்தப் பையன் விலை வேண்டாம். டேப் இனிமே உரியாது. வர்றவங்க அதைத் தாண்டி நடக்கட்டும்."

"வீடு ஆஸ்பத்திரி மாதிரி தெரியுமேங்க."

"நோயாளி இருக்கிற வீடுதான், கண்ணு. உனக்குக் கூலி கொடுக்கிறது அவங்க. படியில நிக்கிறது என் புருஷன்."

க்ளைவின் கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கினோம். பக்கத்தில் மலம் கழிக்கும் நாற்காலி, வருகிறவர்கள் கண்ணில் படும்படியே. புதுத் தவணையின் மூன்றாவது வாரம் ஒரு குடும்பம் ஓரளவு நியாயமான விலைக்கு ஒத்துக்கொண்டது. ஆனால் இந்த நாட்டில் பத்திரம் மாறும்வரை வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. எந்த நிமிடமும் பின்வாங்கலாம். அந்த நாட்களில் லோர்னா பாதி உடம்பாகிவிட்டாள். கடைசியில் பத்திரம் மாறியது.

திட்டத்தால் லாபமா என்று தெருவில் கேட்கிறார்கள். தரகர் கூலி மிச்சம், உண்மைதான். அலைச்சலும் குறைவு. ஆனால் பழைய வீட்டில் விலை குறைந்தது, புது வீட்டில் பேரம் பேச வழியே இல்லை, மிச்சம் எங்கே போனது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திட்டத்தை நான் பழிக்கவில்லை. கெடுவைக் காட்டிக் கிழவர்களை ஓட்டுவதைத்தான் சொல்கிறேன்.

குடிபோன அன்று க்ளைவ் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி எல்லா அறையையும் சுற்றி வந்தார்.

"படியே இல்லையே. அப்போ நான் எங்கடி விழறது?"

"தோட்டத்துல விழு. மண்ணு மெத்துனு இருக்கு."

அவர் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். லோர்னாவும் சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய், அழுகை வெளியே கேட்காதபடி தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, பாத்திரத் தொட்டி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.