இரண்டு ஜீப், இரண்டு டிரைவர், ஒரு துட்டி வீடு

தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்விக்குப் பிரசவ வலி கண்ட அன்று எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரி வாசலில் இரண்டு ஜீப்பும் நின்றன. ஓட்டத்தான் ஆளில்லை.

நர்சிங் மாணவிகளே, புள்ளியியல் பேப்பர் என்றாலே வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு உட்காருகிறீர்கள். நிகழ்தகவின் பெருக்கல் விதி எனக்குப் புரிந்தது வகுப்பில் அல்ல. சூரியநெல்லிக்கு மேலே, நான் நர்ஸாக இருந்த அந்த டிஸ்பென்சரியில்.

மூன்றாவது டிரைவர் வேண்டும் என்று மலையாளி மேனேஜரிடம் முன்பே கேட்டிருந்தேன்.

“பேடிக்கண்டா சிஸ்டரே, பயப்பட வேண்டாம். ஒரு டிரைவர் பத்து நாள்ல ஒரு நாள் லீவு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல இல்லாம போகணும்னா, பத்துல ஒண்ணை பத்துல ஒண்ணால பெருக்கணும். நூறுல ஒண்ணு. அதுக்கு மூணாவது ஆள் எதுக்கு?”

கணக்கு சரியாகத்தான் பட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

டிரைவர் சுடலையின் தங்கையைக் கட்டியவர்தான் இன்னொரு டிரைவர் முருகையா. திருநெல்வேலிப் பக்கம் சுடலையின் அப்பா இறந்ததும் இருவரும் துட்டிக்கு ஒரே பஸ்ஸில் கிளம்பிப் போனார்கள். கொள்ளி வைக்க மகன் வேண்டும், பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க மருமகன் வேண்டும்.

மறுநாள்தான் செல்விக்கு வலி. பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் இல்லாமல் முடியாது. டவுன் ஆம்புலன்ஸ் மழையில் மலையேறி வந்தாக வேண்டும். அவள் புருஷன் மாரியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

“சிஸ்டரம்மா, ரெண்டு வண்டி சும்மா நிக்குதுல்லா! ஓட்ட ஒரு ஆளு கெடையாதா?”

அடுத்த டிவிஷனிலிருந்து கொழுந்து லாரி வந்து சேர்ந்த பிறகுதான் அவளைக் கீழே இறக்கினோம். செல்வி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

“ரெண்டு பேரையும் எதுக்கு விட்டீங்க?” என்றார் மேனேஜர்.

“ஒருத்தர் மகன், ஒருத்தர் மருமகன் சார். யாரை நிப்பாட்ட?”

அவர் கெட்ட மனிதர் அல்ல. இருந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் பெருக்கியது, ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கு மட்டும் பொருந்தும். இவர்கள் இருவருக்கும் கல்யாணம், கோயில் கொடை விழா, துட்டி எல்லாம் ஒரே வீட்டில். சுடலை லீவு என்று தெரிந்துவிட்டால் முருகையாவும் லீவாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றாக நிற்காது, ஏறிவிடும். பாதிக்குப் பாதி என்று வைத்தாலும், பத்தில் ஒன்றை இரண்டில் ஒன்றால் பெருக்க வேண்டும். இருபதில் ஒன்று வரும்.

பிறகு பாலக்காட்டில் கோவை எல்லையோர வடகரப்பதியிலிருந்து மூன்றாவது டிரைவர் வந்தார். செல்வி மறுபடி உண்டாகி, ஸ்கேனுக்கு டவுனுக்குப் போக வேண்டிய நாளில் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் நின்றாள்.

“அண்ணே, நீங்க சுடலையண்ணனுக்குச் சொந்தமா?”

“இல்லீங்க அம்மிணி. இங்க வந்துதானுங்க அவரையே தெரியும்.”

அதைக் கேட்ட பிறகுதான் ஏறினாள். பெருக்குவதற்கு முன்னால் நீங்களும் அதைக் கேளுங்கள்.