ஆடியில் விழுந்த கெடு

பன்னிரண்டு வருடமாக மதுரையில் கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பதுகளில் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு எங்கள் மேல் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. பழைய சர்ட்டிபிகேட் செல்லாதாம். டெல்லிப் பட்டியலில் பெயர் பதிந்தவன்தான் இனி ஆடிட்டராம். மனுப் போட ஒரு கெடு. அந்தக் கெடுவோ நட்ட நடு ஆடியில்!

ஆடியில் எந்த மடையனாவது புதுக் காரியம் தொடங்குவானா? சுற்றறிக்கை வந்ததே ஆனிக் கடைசியில்தான். மிச்சமிருந்த மூன்று நாளில் ஒன்று அஷ்டமி, ஒன்று நவமி, ஒன்று செவ்வாய். மனுவை எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி அலமாரியில் வைத்தேன்.

மேலமாசி வீதியில் எனக்கு அடுத்த அறையில் ஓர் இளவட்ட ஆடிட்டர் இருந்தார். "அண்ணே, மனு அனுப்பிட்டீகளா?" என்றார்.

"ஆவணி பொறக்கட்டும் மாப்ள. அம்புட்டு அவசரம் என்னத்துக்கு?"

"நான் வெள்ளிக்கிழமை ராகுகாலத்துலதேன் அனுப்புனேன். தபாலாபீஸ்ல ஒரு ஈ காக்கா இல்லண்ணே!"

உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கை ஒரு நாள் பிந்திக் கொடுத்த முதலாளிகளை, "கெடுன்னா கெடுதேன்!" என்று நான் விரட்டிய விரட்டு கொஞ்சமா? டெல்லிக்காரன் மட்டும் எனக்காகப் பஞ்சாங்கம் பார்ப்பான் என்று எப்படித்தான் நம்பினேனோ.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். பதில் இரண்டே வரி. கெடு கடந்துவிட்டது, மனு தள்ளப்பட்டது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட என் மனைவி, "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வேறு தொழில் எனக்குத் தெரியாது.

மறு வருடம் திருமங்கலத்துப் பஞ்சுக் கம்பெனி ஒன்றின் கணக்கை, பட்டியலில் பெயர் ஏறிவிட்ட அடுத்த அறைக்காரருக்காக இருபது நாள் உட்கார்ந்து பார்த்தேன். புத்தகத்தில் எழுதியிருந்தும் கிடங்கில் இல்லாத பொதிகளைக் கண்டுபிடித்தேன். முதலாளியோடு மல்லுக்கட்டி அதை அறிக்கையில் எழுதினேன். கையெழுத்துக்கு மட்டும் அடுத்த அறைக்காரரிடம் போனேன்.

அவர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார். "அண்ணே பாத்தா நான் பாத்த மாதிரிதேன்" என்று, ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் கடைசித் தாளில் கையெழுத்திட்டார்.

ஜனங்களின் பணத்தைக் காப்பாற்றவென்றே வந்த சட்டத்தின்படி, அந்தக் கணக்கைத் தணிக்கை செய்தவர் அவர். நான் அதைத் தொட்டதே இல்லை.