மின்னல் போட்டோவுக்கு நிற்கும்

குதிரையேற்றம் சொல்லித் தருபவர் குதிரையையும் அதன் மேல் உட்கார்ந்திருப்பவரையும் பழக்கினால் போதும் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். வேலிக்கு வெளியே நிற்பவர்களையும் சேர்த்துப் பழக்க வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் ஒரு பிள்ளைக்கு நீச்சலோ சைக்கிளோ கற்றுக்கொடுத்தவராக இருந்து, அந்தப் பிள்ளையின் குடும்பமும் கூடவே வந்து நின்றிருந்தால், இதற்குமேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வந்த அன்றே

எங்கள் லாயம் லாஸ்பேட்டையைத் தாண்டி இருக்கிறது. நான்கு குதிரைகள், ஒரு மணல் திடல், சுற்றிலும் மூங்கில் வேலி. உரிமையாளர் காதர் பாய். நான்காவது குதிரையான மின்னலை, சென்னைக் கடற்கரையில் சவாரி விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வாங்கி வந்தார். ஏறி உட்கார்ந்தேன். அழகாக நடந்தது. பாதித் திடலில் தானாகத் திரும்பியது. கிளம்பிய இடத்துக்கே வந்து, நான் இறங்குவதற்காகக் காத்து நின்றது. கடற்கரையில் ஒரு சவாரி என்றால் அவ்வளவுதானாம்.

மறுபடியும் கிளப்பினேன். பாய் படம் எடுக்கப் போனைத் தூக்கினார். மின்னல் சட்டென்று நின்றது. உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, கழுத்தை நிமிர்த்தி, அவர் போனை இறக்கும்வரை அசையவில்லை. நான் பாயைப் பார்த்தேன். பாய் குதிரையைப் பார்த்தார்.

“ரெண்டு வேலை தெரிஞ்ச குதிரைன்னு சொல்லித்தாம்மா குடுத்தான். சவாரியும் தெரியும், போட்டோவும் தெரியும்னான்.”

கெடு

கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்பும் துரை என்பவர் மின்னலை விலைக்குக் கேட்டார். அது நன்றாக நிற்கிறதாம். எங்கோ ஒரு சரவெடி வெடித்தாலே மின்னல் லாயத்துக்குள் நடுங்கி வியர்த்துப் போகும். ஊர்வலத்தில் காதுக்குப் பக்கத்திலேயே வெடிப்பார்கள். அங்கே போனால் அது ஒரு வருஷம் தாங்காது. இதைப் பாயிடம் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் நான்கு குதிரைகளுக்கும் தீனி போடுகிறவர் அவர்தான்.

“ஸ்கூல் லீவு முடியறதுக்குள்ள ஒரு புள்ளைய மேல வெச்சிக்கினு முழுசா ஒரு சுத்து வரட்டும்மா. வந்தா இங்கயே இருக்கட்டும். வரலன்னா துரை இட்டுனு போவட்டும்.”

ரோந்து

முதலில் நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக நடக்கவைத்தேன். பிறகு பெரியவர்களை ஏற்றினேன். அவர்களில் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி எங்களுக்கெல்லாம் முசியே. ஒவ்வொரு வகுப்புக்கும் முகம் பார்க்கும் அளவுக்குப் பூட்ஸைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வருவார். “முசியே, பாதியில் திரும்பப் பார்க்கும். வேலிப் பக்கத்துக் காலைக் குதிரையோடு ஒட்டி வையுங்கள், பார்வை முன்னால் இருக்கட்டும்” என்றேன். “உய், உய்” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டார். மின்னல் பாதியில் திரும்பியது. முசியே அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். அது இன்னும் உற்சாகமாகத் திரும்பி வந்தது. தப்பு செய்யும்போது தட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டேன்.

“தப்பு எங்க இருக்கு மிஸ்? ரோந்து போனா திரும்பி வந்து ரிப்போர்ட் பண்ணணும். அது ஒழுங்கா பண்ணுது.”

லாடம்

இதற்கு நடுவே, வீட்டு வாசலில் அடிக்கப் பழைய லாடம் கேட்டு வருகிறவர்கள் வேறு. முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஓடித் தேய்ந்த லாடமாகத்தான் இருக்க வேண்டும், புதிது ராசியில்லை என்றார். மின்னலின் லாடம் இன்னும் தேயவில்லை, ஆள் வந்து கழற்ற நாளாகும் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் வேலிக்கு வெளியே மடித்த குடையோடு உட்கார்ந்து, நான் பாடம் நடத்துவதை வெகுநேரம் பார்த்தார். மின்னல் நடந்தது, நின்றது, திரும்பியது, நின்றது. கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

“இப்படி நின்னுக்கினே இருந்தா எப்ப மிஸ் தேயும்? கொஞ்சம் தொரத்தி வுடுங்க!”

போன்

எப்படியோ திரும்பும் பழக்கத்தை விட வைத்துவிட்டேன். போட்டோ பழக்கம் மட்டும் போகவில்லை. ஆகவே குதிரையை விட்டுவிட்டு மனிதர்களைத் திருத்தப் போனேன். ‘இங்கே போன் எடுக்கக் கூடாது’ என்று வேலியில் பலகை மாட்டினேன். போனைத் தூக்கிய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினேன். என் போனையும் அறையிலேயே வைத்துவிட்டு வந்தேன். எல்லாரும் அடங்கினார்கள், நத்தாலியின் அம்மாவைத் தவிர. நத்தாலிக்கு ஒன்பது வயது. மின்னலின் மேல் நன்றாக உட்காரும் பிள்ளை. அம்மா எப்போதும் வேலியின் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார், துப்பட்டாவுக்குள் கையை வைத்துக்கொண்டு. ஒருநாள் கையும் போனுமாகப் பிடித்தேன்.

“போட்டோ எடுக்கல மிஸ். இவங்க அப்பா பாரிசுலருந்து வீடியோ கால்ல பாக்குறாரு. இங்கதான் டவர் கெடைக்குது.”

பரீட்சை

லீவின் கடைசி நாள். பாய் வந்தார். துரையும் வந்தார், குதிரையைக் கூட்டிப்போக ஆளோடு. முசியேயும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் வேலியோரம் நின்றார்கள். நத்தாலியை ஏற்றினேன். மின்னல் கிளம்பியது, பாதித் திடலைத் தாண்டியது, மூலையில் அழகாக வளைந்தது, முழுசாக ஒரு சுற்று வந்து முடித்தது. பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் சரவெடி கொளுத்தியது.

மின்னல் கேட்டை நோக்கிப் பறந்தது. துரையின் ஆள் கேட்டைத் திறந்தே போட்டிருந்தார். அதற்கு வெளியே பஸ் போகும் ரோடு. நத்தாலி பிடரியைக் கட்டிக்கொண்டாள். ஓடிப் பிடிக்க முடியாது. எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. “போனை எடுங்க! எல்லாரும் போனை எடுங்க!” என்று கத்தினேன். நான் பழக்கிய பழக்கம்; ஒருவரும் எடுக்கவில்லை. “இல்ல மிஸ், பையிலதான் இருக்கு!” என்றார் ஒருவர். “சத்தியமா எடுக்கல மிஸ்!” என்றார் இன்னொருவர். முசியே இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார்.

நத்தாலியின் அம்மா மட்டும் துப்பட்டாவுக்குள்ளிருந்து போனை உருவி, கேட்டின் நடுவில் நின்று தூக்கிப் பிடித்தார். மணல் தெறிக்க மின்னல் நின்றது. பக்கவாட்டில் திரும்பியது. நடுக்கம் அடங்காத உடம்போடு கழுத்தை நிமிர்த்திக் காட்டியது. நான் ஓடிப்போய் நத்தாலியை இறக்கித் தோளோடு அணைத்துக்கொண்டேன். வெடிக்கு ஓடும் குதிரை ஊர்வலத்துக்கு ஆகாது என்று துரை ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பாய் போய்க் கேட்டைச் சாத்திவிட்டு, மின்னலை லாயத்தில் அதன் இடத்திலேயே கட்டச் சொன்னார். அம்மா இன்னும் தூக்கிப் பிடித்திருந்த போனிலிருந்து, பாரிசில் இருந்த நத்தாலியின் அப்பாவின் குரல் கேட்டது.

“இன்னா ஆச்சி? ஏன் நின்னுடுச்சி? இன்னிக்குத்தான் நல்லா ஓடிச்சி!”

இப்போது அந்தப் பலகையில் ‘இங்கே போன் எடுக்கக் கூடாது’ என்பதற்குக் கீழே ‘மிஸ் கத்தினால் உடனே எடுக்க வேண்டும்’ என்றும் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்க நிற்பவர்கள் முதலில் அதைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், திடலில் மின்னலும் நின்றுவிடுகிறது.