மேகத்துக்குள் கூப்பிட்ட குரல்

நான் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறேன். அதற்குக் கடுக்காய் வாங்க வருஷா வருஷம் ஜவ்வாது மலைக்குப் போவேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் துணைக்கு வருகிறவருக்குக் காய்ச்சல். தனியாகவே ஏறினேன்.

மரமில்லாத மேட்டுப் புல்வெளியில் பாதி தூரம் போனபோது மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. மேகம் இறங்கி, என் காலே எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்தோ “ஓ... ஓ...” என்று ஒரு பெண் குரல் கேட்டது. மாட்டைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். முன்பின் தெரியாத பெண்பிள்ளைக்குப் பதில் கூவ வெட்கமாகவும் இருந்தது. பேசாமல் நடந்தேன். குரல் நின்றுவிட்டது.

சற்றைக்கெல்லாம் என் கால் தட்டி ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தமே கேட்கவில்லை. அடுத்த அடி பள்ளம்தான் என்று புரிந்து அப்படியே நின்றேன். வெட்கத்தை விட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன்.

“அங்கியே குந்து! கால எடுக்காத!” என்று அதே குரல் வந்தது. அவள் கூவ, நான் கூவ, கடைசியில் தலையில் கோணி போட்ட ஒரு மலைக்கார அம்மாள் வந்து என் கையைப் பிடித்தாள்.

“அப்பவே கூவனேனே, வாய்ல இன்னா வெச்சினு இருந்த?”

“மாட்டக் கூப்புடுறீங்கன்னு நெனச்சேம்மா.”

“மாடுங்க பட்டியில கீது. மேகம் எறங்குனா, வழியில யாராச்சும் மாட்டினு இருப்பாங்கன்னு கூவுவோம். கேட்டா பதிலுக்குக் கூவணும். மாடுகூட கத்துமே!”

இப்போது மலையில் மேகம் இறங்கினால், யார் சிரித்தாலும் சரி, முதலில் கூவுகிறவன் நான்தான். பதில் வராவிட்டாலும் இன்னும் கொஞ்ச நேரம் நின்று கூவுகிறேன். என்னைப்போல் ஒரு கூச்சக்காரன் அங்கே இருக்கலாம்.