கவிழ்த்து வைத்த கிண்ணம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது நடந்தது. என் மைத்துனன் சாட்சி. அவனிடம் கேட்டால் பேச்சை மாற்றுவான்.

எனக்கு அருங்காட்சியகத்தில் வேலை. தோண்டியெடுத்து வரும் பானை சட்டிகளை எப்படிச் செய்தார்கள், இப்போது என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வேன். படம் எடுப்பது மைத்துனன். அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சிறிய மண் கிண்ணத்தை எடுத்தோம். சக்கரத்தில் வனைந்ததல்ல, மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கியது. விளிம்பிலிருந்து நீளமாக ஒரு விரிசல். மூச்சு விட்டாலே உதிர்ந்துவிடும் போலிருந்தது. அடிப்பக்கம் பார்க்க, மணல் தட்டில் கவிழ்த்து வைத்தேன்.

விரிசல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அறிய நகத்தால் தட்டிக் கேட்போம். தட்டினேன். டொக்.

உள்ளேயிருந்து... டொக்.

"மாமா, விளையாடாதீங்க," என்றான். என் கை மேசையிலேயே இல்லை.

டொக். டொக். கூடவே ஒரு சுரண்டல். பிறகு மூச்சு... அழுது அழுது ஏங்கிப்போன குழந்தை விடுமே, அந்த மூச்சு.

"உள்ள குழந்தை மாமா. தூக்குங்க."

தூக்கினேன். வரவில்லை. அவனும் சேர்ந்து இழுத்தான். மேசைதான் நகர்ந்தது.

"உடைச்சிடுங்க."

"வேலை போயிடும்டா."

"போகட்டும்."

சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தேன். மூச்சுக்கு உதிர்கிற கிண்ணம்... கீறல்கூட விழவில்லை.

தட்டல் மெதுவானது.

"இரும்மா... இரு," என்றேன் கிண்ணத்திடம்.

டொக்...

...

அவ்வளவுதான்.

பிறகு ஒற்றை விரலுக்கே கிண்ணம் வந்தது. மணலில் ஒன்றுமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதோம்.

மறுநாள் அதைத் தோண்டியெடுத்தவருக்குப் போன் செய்து, எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்டேன்.

"சின்னக் குழந்தையோட எலும்புக்கூடு சார். முகத்து மேல கவுத்து வச்சிருந்தாங்க. புதைக்கிறப்ப உயிர் இருந்திருக்கும்போல."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டு கையும் விளிம்பைப் பிடிச்சிருந்துது."

பிறகு அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அங்க எவ்வளவு நேரம் தட்டுச்சு சார்?"

தட்டலைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.