ஆரின் டீக் தூக்கி எறிந்த புட்டி

ஆரின் டீக்குக்கு எங்கள் பிட்டர்வெல் ஊரில் முதுகுக்குப் பின்னால் வேறு பெயர். புட்டிக்காரன். நெவாடாவின் மண் சாலைகளை நிரவும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். கல்யாணம் ஆகவில்லை. அவன் வீட்டுக்குள் ஒருமுறை போய் வந்தவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. உட்கார நாற்காலி வேண்டுமென்றால் முதலில் புட்டிகளை இறக்கி வைக்க வேண்டும்.

ஒரு புட்டி கிடைத்தால் கட்டைவிரல் நகத்தை அதன் விலாவில் வைத்து மேலே இழுப்பான். அச்சு சேர்ந்த கோடு கழுத்தோடு நின்றுவிட்டால் வாயால் ஊதிச் செய்தது, பழசு. வாய் விளிம்பு வரை போனால் இயந்திரத்தில் செய்தது. வெயிலில் கிடந்து கத்தரிப்பூ நிறம் ஏறியிருந்தால் அநேகமாக முதல் உலகப் போருக்கு முந்தியது. திருகுமூடிக்கு மரை போட்ட வாய் என்றால் புதுசு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலே வீசிவிடுவான். எங்கள் பக்கத்தில் புட்டி தேடிப் போகிற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆரினுக்குப் பின்னால் நடக்கக் கூடாது என்பதை நான் நெற்றியில் தையல் போட்டுக்கொண்ட பிறகு தெரிந்துகொண்டேன்.

பிடித்த மீனின் நீளத்தில் கூசாமல் பொய் சொல்வான். புட்டியின் வயதில் மட்டும் அவனுக்குப் பொய் வராது. மதுக்கடைக்காரர் தன் தாத்தா காலத்துப் புட்டி என்று அலமாரியில் வைத்திருந்ததை, கடை நிறைய ஆள் இருக்கும்போது எடுத்துப் பார்த்து, "இது ஊறுகா புட்டி. உன்னவிட சின்னது" என்றான். அதன்பின் குடிக்க அடுத்த ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.

ஆனால் அவன் தேடியது புட்டியை மட்டுமல்ல. அவன் அப்பா ரூபன் வெள்ளி தேடி மலைக்குப் போனவர், 1917இல் போனவர் போனவர்தான். அப்போது ஆரினுக்கு ஆறு வயது, அக்கா வெர்டாவுக்குப் பத்து. தண்ணீரில்லாமல் செத்துவிட்டார் என்று அம்மா சொன்னாள், கடைசிவரை அதையே சொன்னாள். கட்டிக்கொள்கிறேன் என்று வந்த நல்ல மனிதனையும் அனுப்பிவிட்டு, ஊரார் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்தே பிள்ளைகளை வளர்த்தாள். ரூபன் ஓடிப்போனார் என்று சர்ச் விருந்தில் ஒருத்தி வாய் தவறிச் சொன்னபோது, வெர்டா உருளைக்கிழங்கு சாலட்டைப் பாத்திரத்தோடு அவள் தலையில் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் தாகம் என்றே சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

தாகத்தில் செத்தவர் என்பதால் எல்லோரும் தூரத்து வறண்ட மலைகளிலேயே தேடினார்கள். 1974 வசந்தத்தில் ஆரின் அவர் தடயத்தைக் கண்டுபிடித்தது ஊருக்குப் பக்கத்து மேட்டுக்கு அந்தப் பக்கம். நானும் கூட இருந்தேன், முன்னால் நடந்தேன். இடிந்த சுரங்கக் குழி, அருகே துருப்பிடித்த சாப்பாட்டு டப்பா. மூடியில் ஆணியால் குத்தி எழுதியிருந்தது: ரூ. டீக். ஆரின் டப்பாவைக் கவிழ்த்தான். தட்டையான பழுப்புப் புட்டி ஒன்று விழுந்தது. மரை வாய். கை தானாகவே அதைத் தோளுக்கு மேலே வீசியது. சுற்றிலும் பொறுக்கியதெல்லாம் கத்தரிப்பூ நிறம்.

"எல்லாம் அந்தக் காலத்து சரக்குதான். இங்கதாம்பா செத்திருக்காரு" என்றான். அழுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெயரும் 1917 என்று வருடமும் வெட்டி ஒரு நினைவுக்கல் செய்தாயிற்று. வெர்டா ரீனோவிலிருந்து கறுப்பு உடுப்பில் வந்தாள். பாஸ்டர் லண்ட் என் வண்டியில் வந்தார். மேட்டில் வெயில் கொளுத்தியது. பாஸ்டர் வேதாகமத்தில் பக்கம் தேடிக்கொண்டிருக்க, வெர்டா ஒரு பாறையில் உட்கார்ந்தாள். காலடியில் கிடந்த பழுப்புப் புட்டியை எடுத்தாள்.

"டேய், இதுல என்னவோ எழுதியிருக்கே. கண்ணாடி எடுத்துட்டு வரல. படி."

"குப்பக்கா அது. கீழ போடு."

"படிடான்னா."

வாங்கினான். பழக்கதோஷத்தில் நகம் மேலே போனது. பிறகு புட்டியின் தோளில் புடைத்திருந்த எழுத்தைப் படித்தான். இந்தப் புட்டியை மறுபடி விற்பதும் பயன்படுத்துவதும் சட்டப்படி கூடாது. படித்து முடித்தும் புட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த வருஷத்துது?"

ஆரின் புட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் சொல்றல்ல? எனக்குச் சொல்ல வாய் வலிக்குதா?"

"முப்பத்தஞ்சு. இல்ல, அதுக்கும் அப்புறம். மதுவிலக்க எடுத்த பெறகுதான் சாராயப் புட்டில இந்த எழுத்தப் போட்டாங்க."

"எவனாவது வேட்டைக்கு வந்தவன் போட்டிருப்பான், வெர்டாக்கா" என்றேன் நான்.

வெர்டா என் பக்கமே திரும்பவில்லை. "எங்கடா கெடந்துச்சு?"

ஆரின் என்னைப் பார்த்தான். மீன் விஷயமாக இருந்தால் சமாளித்திருப்பான்.

"அப்பாவோட சாப்பாட்டு டப்பாக்குள்ள."

ஆக, மனிதர் தாகத்தில் சாகவில்லை. குறைந்தது பதினெட்டு வருடம் கழித்து இங்கே வந்து உட்கார்ந்து குடித்திருக்கிறார். மேட்டைத் தாண்டி ஊருக்குள் மட்டும் இறங்கவில்லை. அப்போது அவர் மனைவி கீழே மற்றவர்கள் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் இருந்திருந்தால் நானே கை ஓங்கியிருப்பேன்.

வெர்டா புட்டியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு முப்பத்தெட்டுல கல்யாணம். நம்ம சர்ச்சுல. அந்த மணிச் சத்தம் இங்க கேக்குமாடா?"

ஆரின் ஊர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"காத்து இந்தப் பக்கம் அடிச்சா கேக்கும்."

அவள் தலையாட்டினாள். பாஸ்டருக்குப் பக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விரலை அதில் வைத்தபடி நின்றார்.

"ஜெபம் பண்ணட்டுங்களாம்மா?"

"பண்ணுங்க பாஸ்டர், இவ்வளவு தூரம் வந்துட்டீங்க" என்றாள் வெர்டா. "எங்கம்மாவுக்குப் பண்ணுங்க."

ஆரின் தொப்பியைக் கழற்றினான். கல்லை நாங்கள் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.